மருதாயியின் ஒண்ணரைக் கண்ணாடி

பேசத் தொடங்குமுன் மருதாயி விரல்களை உரிப்பார். இடது கைப் பெருவிரலில் ஆரம்பித்து, காய்ந்து ஒட்டிப்போன றப்பர் பாலை நூல் நூலாக இழுத்தெடுத்து, உள்ளங்கையில் வைத்து உருட்டுவார். பத்து விரலும் முடிந்த பிறகுதான் வந்த விஷயம் வாயில் வரும். அதுவரை என்ன கேட்டாலும் "இருங்க தம்பி, சொல்றேன்" என்பதுதான் பதில். உருண்டையை என் மேசை மூலையில் வைத்துவிட்டுப் போவார். எறிய மனம் வராமல், வைத்திருக்கக் காரணமும் தெரியாமல், ஒரு பிஸ்கட் டின்னில் அவற்றைச் சேர்த்துக்கொண்டு வருகிறேன். டின் பாதி நிறைந்துவிட்டது.

என் மேசை என்றது, ரம்புக்கனை வீதியில் தோட்டத்துச் சந்தியில் நான் நடத்தும் கொமினிகேஷன் கடையின் மேசை. போட்டோ கொப்பி, ரீலோட், கரண்ட் பில், பாஸ்போர்ட் படம். இரண்டு மூன்று வருடமாக இன்னொரு வேலையும் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கு நம்பர் கிடையாது. பார்சல் கொண்டு வருகிற பைக் அந்த ஏற்றத்தில் ஏறாது. ஆகவே ஒன்லைனில் சாமான் எடுக்கிற தோட்டத்துச் சனம் முழுக்க "சுதாகரன் கொமினிகேஷன், சந்தி" என்று என் கடை விலாசத்தைப் போட்டுவிடுகிறது. யாரும் என்னிடம் கேட்டுக்கொண்டு செய்யவில்லை. செருப்பும் மிக்சியும் மூட்டுவலித் தைலமும் என் கதிரையின் கீழே வந்து கிடக்க, நான் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மருதாயிக்கு ஐம்பத்திரண்டு வயது. றப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார். நெட்டையான உடம்பு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு, தலையில் ஒரு பழைய துவாய். கடைக்குள் வந்தால் உட்கார மாட்டார். "கதிரையில பால் ஒட்டிக்கும் தம்பி, பொறகு பாஸ்போர்ட் படம் புடிக்க வாறவங்க எந்திரிக்க ஏலாது" என்று சொல்லிவிட்டு, ஒரு காலைக் கீழ்ப்படியிலும் ஒரு காலை மேல்படியிலும் வைத்து நிற்பார். வருகிறாரா போகிறாரா என்று எனக்கு எப்போதும் குழப்பம்தான்.

சிங்களம் அவருக்குத் தமிழைப் போலவே வரும். எண்ணுவது தமிழில், நியாயம் கேட்பது சிங்களத்தில். "தமிழ்ல கேட்டா இங்க யாரு தம்பி திரும்பிப் பாக்குறா" என்பார். அந்தச் சிங்களத்தில் அவர் கெட்டிக்காரி. டவுனில் ஒரு சேலைக்கடை முதலாளியை, கிழிந்த பாவாடைக்கு மாற்றுப் பாவாடையோடு ஒரு கைக்குட்டையும் சேர்த்துக் கொடுக்கவைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவரை ஒரு கண்ணாடி இரண்டு வாரம் தலைசுற்ற வைத்தது.

பால் வெட்டுவது கண்ணில் இருக்கிற வேலை. மரத்தின் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கொஞ்சம் மேலே போனால் பால் வராது, கொஞ்சம் உள்ளே போனால் கட்டை காயப்படும். காயம் பட்ட இடம் பிறகு முண்டு கட்டிக்கொள்ளும். கணக்கப்பிள்ளை வந்து மரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். மருதாயியின் மரமொன்றில் போன மாசி மாதம் ஒரு காயம் அகப்பட்டது. "என்ன மருதாயி, மரம் வெட்டுறியா, விறகு வெட்டுறியா" என்று கேட்டுவிட்டுப் போனாராம். இன்னொரு தடவை அகப்பட்டால் கத்தியை வாங்கிவிட்டுப் புல்லு வெட்ட அனுப்புவார்கள். அவருக்கு அது பெரிய மானக்கேடு.

அந்தச் சமயத்தில், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், சின்னப் பிள்ளைகளை வேறு பக்கம் ஒதுக்கிவிட்டு, கண் பார்க்கிற டாக்டர்கள் வந்து ஒரு நாள் இருந்தார்கள். மருதாயிக்குக் கிட்டப் பார்வைக்கு ஒன்றரைப் பவர் கண்ணாடி போதும் என்றார்கள். டாக்டர் சொன்னதும் ஒன்றரை, மருதாயி மகளிடம் சொன்னதும் ஒன்றரை, மகள் கேட்டதும் ஒன்றரை. இதில் மட்டும் இன்றுவரை யாருக்கும் சண்டை இல்லை.

கேகாலைக்குப் போய் வாங்கலாம். போனால் ஒரு நாள் சம்பளம் போகும். அதைவிட, கண்ணாடிக் கடையில் யாராவது பார்த்துவிட்டால் கணக்கப்பிள்ளை காதுக்குப் போய்விடும் என்ற பயம். மகள் தர்மிளா அவிசாவளைப் பக்கம் ஒரு கார்மென்ட்டில் வேலை, போர்டிங்கில் இருக்கிறாள். "நீங்க எங்கயும் போக வேணாம்மா, நான் போன்லயே எடுத்து அனுப்புறேன்" என்றாளாம். வேலைக்குப் போன பிறகு அம்மாவுக்கென்று அவள் எடுத்துக் கொடுத்த முதல் சாமான் அது. மருதாயி இதை என்னிடம் சொன்ன அன்று, விரல் உரிக்காமலே பேசினார்.

பார்சல் வந்தது. கொண்டு வந்தவர் பயாஸ், மாவனல்லைக்காரர், எங்கள் பக்கத்துப் பார்சலெல்லாம் அவர் பைக்கில்தான் வரும். மருதாயி பெட்டியை முதலில் மோந்து பார்த்தார். எந்தச் சாமானையும் மோந்து பார்க்காமல் அவர் வாங்குவதில்லை. பிறகு பிரித்து, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தவர், ஒரு படி கீழே இறங்கிவிட்டார்.

"தம்பி, நீங்க ஏன் இப்படிப் புகையா போயிட்டீங்க?"

"முதல்ல அப்படித்தான் இருக்கும்க்கா. போடப் போடப் பழகிரும்" என்றேன். எனக்குக் கண்ணாடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கேட்டதற்கு உடனே ஒரு தீர்ப்புச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அவர் நம்பிவிட்டார். கணக்கப்பிள்ளை வரும் நேரம் மட்டும் கழற்றிவிட்டு, இரண்டு நாள் அதைப் போட்டுக்கொண்டே மலைக்குப் போயிருக்கிறார். தூரத்தில் இருப்பதெல்லாம் பனி மூட்டம், காலடி பள்ளம் போலத் தெரிகிறது, கத்தி வைக்கிற இடம் தெரிய வேண்டுமானால் மூக்கு பட்டையில் இடிக்கிற அளவுக்கு நெருங்க வேண்டும். "மரத்துக்கு முத்தம் குடுக்கிற மாதிரி நின்னேன் தம்பி. பக்கத்து மரத்துக்காரி பாத்துட்டு, என்னக்கா காதல் முத்திப் போச்சான்னு கேக்குறா." நெற்றியில் பட்டை உரசிய சிராய்ப்பு இருந்தது. மூன்றாம் நாள் பெட்டியைத் திரும்ப என் மேசையில் வைத்தார். நான் அப்போதுதான் கண்ணாடி மூலையில் ஒட்டியிருந்த பொட்டு அளவு தாளைப் பார்த்தேன். அதில் மூன்றரை என்று இருந்தது.

இங்கேதான் குழப்பம் ஆரம்பம்.

பெட்டியில் இருந்த நம்பருக்கு என் போனில் பேசினோம். கொழும்பில் ஏதோ ஒரு சின்னக் கடை. எடுத்தது ஒரு சிங்களப் பிள்ளை, நல்ல மரியாதையான குரல். மருதாயி அவளை "நங்கி, நங்கி" என்று தங்கை முறை வைத்தே பேசினார். இரண்டு பேரும் சிங்களத்தில் பேசியதன் சாரம் இதுதான்: கண்ணாடியை மாற்றித் தருவார்கள். ஏழு நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். பிழை கடையுடையது என்றால் அனுப்புகிற செலவு கடையுடையது. பிழை வாங்கினவருடையது என்றால் செலவும் வாங்கினவருடையது. யார் பிழை என்பதைச் சாமான் வந்து சேர்ந்த பிறகு பார்த்துச் சொல்வார்கள். அதுவரை செலவை நீங்கள் கட்டி அனுப்புங்கள்.

"யாரு குத்தம்னு பாக்குறதுக்கு முந்தியே நான் எதுக்கு நங்கி கட்டணும்?" என்று மருதாயி கேட்டார்.

"அனுப்பினால்தானே அம்மா பார்க்கலாம்."

"பாத்தாத்தானே யாரு அனுப்புற செலவுன்னு தெரியும்."

பிறகு அவள், திருப்பி அனுப்பக் காரணம் என்ன என்று கேட்டாள். இரண்டு காரணம்தான் இருக்கிறதாம்: கடை மாறி அனுப்பியது, அல்லது வாங்கினவர் மாறி எடுத்தது. எதைப் போட்டுக்கொள்ளட்டும்?

மருதாயி என் முகத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறக்குமுன் போனுக்குள் சொன்னார்: "ரெண்டும் இல்ல. கண்ணு தெரியல. அதப் போட்டுக்குங்க."

போனை வைத்த பிறகு அவர் வீட்டுக்குப் போகவில்லை. உரித்த விரலையே திரும்ப உரித்துக்கொண்டு நின்றார். மகள் மாறி அழுத்தியிருப்பாளோ என்று ஒரு நினைப்பு அவருக்குள் விழுந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அன்று சாயந்தரம் மகளிடம் கேட்டும்விட்டார். ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாராம்: "நீ சரியாப் பாத்துத்தான் போட்டியா?"

தர்மிளா தினமும் வேலை முடிந்து போர்டிங்குக்கு நடக்கிற வழியில் அம்மாவுக்குப் போன் எடுப்பாள். என்ன சமைத்தாள், சூப்பர்வைசர் என்ன சொன்னான், எந்தப் பிள்ளை வேலையை விட்டுப் போனாள் எல்லாம் அந்தப் பத்து நிமிட நடையில் வந்துவிடும். அந்தக் கேள்விக்குப் பிறகு போன் வரவில்லை. மருதாயி எடுத்தால், "வேலையா இருக்கேன்மா" என்று வைத்துவிடுகிறாள். எனக்கு மட்டும் ஒரு மெசேஜ் வந்தது. அவள் கண்ணாடி எடுத்தபோது போன் திரையில் வந்த ஓடரைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். கீழே குரலில் இப்படி: "மாமா, இத அம்மாகிட்ட காட்டுங்க. நான் கண்ண மூடிக்கிட்டு போடல. யாரு பிழைன்னு அம்மாவே பாத்துக்கட்டும். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்."

நான் ஒன்றும் சொல்லாமல் இருப்பதா? படத்தை உடனே திறந்து பார்த்தேன். மேலே கண்ணாடிப் படத்தின் பக்கத்தில் 1.50 என்று இருந்தது. கீழே சின்ன எழுத்தில், தெரிவு செய்தது என்ற இடத்தில் 3.50 என்று இருந்தது. மேலே உள்ளதைப் பார்த்தால் கடையின் பிழை. கீழே உள்ளதைப் பார்த்தால் பிள்ளையின் பிழை. மேலே ஒன்றரை என்று காட்டிவிட்டுக் கீழே மூன்றரையைத் தயாராக வைத்திருந்தது கடைதான் என்றால் திரும்பவும் கடையின் பிழை. அதைப் பார்க்காமல் அழுத்தினால் திரும்பவும் பிள்ளை. பயாஸிடம் காட்டினேன். "அண்ணே, நான் சாமான் ஏத்தி எறக்குற ஆள். யாரு பிழைன்டு பாக்கத் தொடங்கினா எனக்கு இந்தப் பைக் காணாது" என்று சொல்லிவிட்டார்.

மருதாயியிடம் போனை நீட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தள்ளிப் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

"நான் வாசிச்சுச் சொல்லவாக்கா?"

"வேணாம் தம்பி. கண்ணாடி வரட்டும். வந்தாப்புறம் நானே பாத்துக்கிறேன்."

அந்தக் கண்ணாடி வருவதற்குத்தான் இந்தக் கண்ணாடி போக வேண்டும். போவதற்கு யார் கட்டுவது என்பதுதான் இன்னும் முடியவில்லை. மருதாயிக்குக் காசு பெரிய விஷயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த இடத்தில் காசு கட்டுவது என்றால் குற்றத்தை ஒத்துக்கொள்வது. அவர் கட்டினால் மகள்தான் பிழை விட்டாள் என்று அவர் வாயாலேயே சொன்ன மாதிரி. கட்டாவிட்டால் கண்ணாடி இல்லை, கணக்கப்பிள்ளையின் கட்டைவிரல் எந்த மரத்தில் நிற்குமோ என்ற பயம் வேறு. மனுஷி தூங்கவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது.

லயத்தில் இதற்குப் பெரிய பேச்சு நடந்திருக்கிறது. அடுத்த நாள் வந்து ஒரு காலை மேல்படியில் வைத்தபடி எனக்கு அதை விளங்கப்படுத்தினார்.

"தம்பி, ஸஹாப்தீன் நானா மீன் கொண்டாறாருல்ல?"

ஸஹாப்தீன் ரம்புக்கனையிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் கொண்டு வருபவர். "ஆமா."

"மீன் பழுதாப் போயிருந்தா நாம சட்டியத் தூக்கிக்கிட்டு ரம்புக்கனைக்குப் போறோமா? இல்லல்ல. ஒரு போன் எடுத்தா அவரே வாறாரு, வாங்கி வீசுறாரு, வேற மீன் குடுக்குறாரு. பெற்றோல் யாருது? அவருது."

"சரி, அப்படின்னா கடைக்காரங்க கட்டணும்."

"இருங்க. பக்கத்து வீட்டுல கறி குடுத்து விடுறாங்க. சட்டி நம்ம வீட்டுல நிக்குது. அத யாரு கொண்டுபோய்க் குடுக்குறது? நாமதானே. அவங்க வந்து என் சட்டியத் தாங்கன்னு நிக்கிறது நமக்கு மரியாதையா?"

"சரி, அப்படின்னா நீங்க கட்டணும்."

"அதத்தான் தம்பி நானும் கேக்குறேன். இந்தக் கண்ணாடி மீனா, சட்டியா?"

எனக்குத் தீர்ப்புச் சொல்லாமல் இருக்க முடியாது என்று முன்பே சொன்னேன். மீன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பழுதாகவில்லையே, மாறித்தானே வந்திருக்கிறது, அப்படியானால் சட்டி என்றேன். மருதாயி என்னை இரக்கத்தோடு பார்த்தார். லயத்திலும் எட்டு வீட்டில் நாலு மீன், மூன்று சட்டியாம். ஒரு வீட்டில், கண்ணாடியைத் திருப்பிக் கொடுப்பதைவிட அதற்கேற்ற ஆளைத் தேடிக் கொடுப்பது லேசு என்று சொல்லி, வீட்டுக்கு வீடு எல்லாரும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒருவருக்கும் சரிவரவில்லை. போட்டுப் பார்க்காத சாமானைத்தான் திருப்பி எடுப்பார்கள் என்பது அப்போதுதான் என் ஞாபகத்துக்கு வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. இருக்கிற குழப்பம் போதும்.

ஏழு நாளில் கடைசி நாளன்று மருதாயி பெட்டியோடு வந்தார். வீட்டிலேயே கட்டி, நாலு பக்கமும் டேப் ஒட்டி, அதன் மேல் றப்பர் நாடாவும் சுற்றியிருந்தார். பயாஸ் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"உள்ளுக்கு என்ன அக்கா ஈக்குது?"

"கண்ணாடி."

"கண்ணாடி மட்டுமா?"

"கண்ணாடியும் கொஞ்சம் கொறக்காவும்."

நான் எழுந்துவிட்டேன். கொறக்கா என்பது எங்கள் பக்கம் மீன் கறிக்குப் போடுகிற புளி. பழத்தைப் பிளந்து காயவைத்து எடுப்பது, தார் மாதிரிக் கறுத்துச் சுருங்கி, தொட்டால் கையில் ஒட்டும். டேப்பை வெட்டிப் பெட்டியைத் திறந்தால், கண்ணாடி ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்க, பெரிய பொலித்தீன் பையில் கொறக்கா முக்கால் பெட்டியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"என்னக்கா இது?"

"எது?"

"மூக்குக்கண்ணாடிக் கடைக்கு எதுக்குக் கொறக்கா?"

மருதாயிக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "வெறும் பெட்டியாவா திருப்பி அனுப்புறது? ஒரு வீட்டுல இருந்து வந்த சட்டிய வெறுஞ்சட்டியாக் குடுத்தா, நாளைக்கு அந்த வாசல்ல போய் நிக்க ஏலுமா? நம்ம பின்வாசல் மரத்துக் கொறக்கா தம்பி. நல்லா வெயில்ல காஞ்சது. அந்த நங்கி மீன் கறி வைக்க மாட்டாளா?"

"அப்ப சட்டின்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"நான் ஒண்ணும் முடிவு பண்ணல. மீனா இருந்தாலும் சட்டியா இருந்தாலும் வெறுங்கையா அனுப்ப ஏலாது. அதுல குழப்பம் இல்ல."

பயாஸ் சிரிக்காமல் பெட்டியைத் திரும்ப ஒட்டி, கைத்தராசில் கொளுவினார். மருதாயி தராசு முள்ளைப் பார்த்த பார்வையை நான் பால் நிறுக்கும் இடத்தில் பார்த்திருக்கிறேன். தோட்டத்து ஆட்கள் எந்தத் தராசையும் நம்புவதில்லை, ஆனால் கண்ணை எடுப்பதும் இல்லை. கண் தெரியாவிட்டாலும் முள்ளைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "பயாஸ் தம்பி, ரெண்டாப் பிரிச்சுச் சொல்லுங்க. கண்ணாடிக்கு எவ்வளவு, கொறக்காவுக்கு எவ்வளவு. கண்ணாடிக்குக் கடைக்காரங்க கட்டட்டும். கொறக்கா நான் அனுப்புறது, அதுக்கு நான் கட்டுறேன்."

"அப்படிப் பிரிக்க ஏலாது அக்கா. ஒரு கிலோ வரைக்கும் ஒரே காசுதான்."

"கண்ணாடி மட்டும் போனா?"

"அதே காசு."

"கொறக்கா மட்டும் போனா?"

"அதும் அதே காசுதான்."

மருதாயி விரலை உரிக்க ஆரம்பித்தார். பயாஸ் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவருக்கு இன்னும் எத்தனையோ பார்சல் கொடுக்க இருந்தது, ஆனாலும் கிளம்பவில்லை. இடது கை முடிந்து வலது கையில் நடு விரல் வந்தபோது மருதாயியின் முகம் தெளிந்தது. நான் அந்த இரண்டு வாரத்தில் அப்படி ஒரு தெளிவை யார் முகத்திலும் பார்க்கவில்லை.

"அப்ப ரெண்டுல ஒண்ணு சும்மா போகுது."

"அப்படியும் சொல்லலாம்" என்றார் பயாஸ்.

"அப்ப நான் கொறக்காவுக்குக் கட்டுறேன். கண்ணாடி அதோட சும்மா போகட்டும்."

இடுப்பு முடிச்சை அவிழ்த்து எடுத்துக் கொடுத்தார். பயாஸ் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு போனார். நான் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். செலவு முழுவதையும் மருதாயிதான் கட்டியிருக்கிறார். ஆனால் கண்ணாடிக்கு அவர் கட்டவில்லை. கட்டாததால் மகள் பிழை விடவில்லை. கடை பிழை விட்டது என்றும் அவர் சொல்லவில்லை. எங்கேயோ ஓர் ஓட்டை இருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. எங்கே என்று இன்றைக்கும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு கொழும்பிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. மருதாயி வேலை முடிந்து தினமும் வருவார். போன் வந்ததா என்று நேரடியாகக் கேட்க மாட்டார். "கொறக்கா போய்ச் சேர்ந்திருக்குமா தம்பி" என்று கேட்பார். நான் தெரியாது என்பேன். அடுத்ததாக, தர்மிளா எனக்கு ஏதாவது மெசேஜ் போட்டாளா என்று கேட்க வாயெடுத்து, அதை விட்டுவிட்டு ரீலோட் கார்ட் இருக்கிறதா என்பார். அவர் போனில் காசு நிறைய இருந்தது என்பது எனக்குத் தெரியும், நான்தானே போட்டுவிடுகிறவன். மகள் எடுக்காத போனுக்கு அவர் ரீலோட் போட்டுக்கொண்டே இருந்தார். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

போன வியாழக்கிழமை பயாஸ் வந்து, ஒரு சின்னப் பெட்டியை மேசையில் வைத்தார். "அக்காட சாமான். காசு ஒண்டும் எடுக்கத் தேவையில்லையாம்" என்றார். ஏன் தேவையில்லை என்று கேட்டேன். அவருக்குத் தெரியாது. கடை தன் பிழையை ஒத்துக்கொண்டதா, கொறக்காவுக்கு மரியாதை செய்ததா, அல்லது எழுத மறந்துவிட்டார்களா? அனுப்பிய செலவைத் திருப்பித் தருவதைப் பற்றியும் ஒரு வரி இல்லை. தந்தால் எந்தக் காசைத் தருவார்கள், மருதாயி கண்ணாடிக்குத்தான் கட்டவே இல்லையே.

பால் நிறுத்துவிட்டு மருதாயி வந்தார். பெட்டியை மோந்து பார்த்தார், பிரித்தார். கண்ணாடியை எடுத்து வைத்துவிட்டு, பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். பிறகு தலைகீழாகக் கவிழ்த்து அடியில் இரண்டு தட்டுத் தட்டினார். ஒன்றும் விழவில்லை. "கொழும்புப் பிள்ளைக" என்றார், கோபமில்லாமல்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் தன் கையைப் பார்த்தார். முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணில் அடைத்திருந்த அழுக்கு, பெருவிரலில் கத்தி வைத்த பழைய தழும்பு, ரேகைக்குள்ளே ஊறிப்போன பால் கறை. "இவ்வளவு ஊத்தையாவா தம்பி இருந்துச்சு" என்றார். சுவரில் தொங்கிய கலண்டரில் சின்ன எழுத்தில் இருந்த பூரணை நாளை ஒரு கை தூரத்தில் நின்று வாசித்தார். ரீலோட் கார்ட்டில் இருந்த நம்பரை வாசித்தார். பிஸ்கட் டின் திறந்திருந்தது, தான் உருட்டிய உருண்டைகளைப் பார்த்துவிட்டு, "இதுகள ஏன் வச்சிருக்கீங்க" என்று கேட்டார். நான் டின்னை மூடி வைத்தேன்.

எல்லாம் பார்த்தாயிற்று. இனி எதைப் பார்க்க வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கண்ணாடி வந்த பிறகு பார்க்கிறேன் என்று சொன்னவர் அவர்தான். எனக்கும் ஆசை இருந்தது, மறைப்பானேன். இத்தனை நாளாக மேலே ஒன்றரை, கீழே மூன்றரை என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். மரத்தில் ஒரு நூல் பட்டையை அளந்து சீவுகிற மனுஷி, பார்த்த மாத்திரத்தில் இன்னார் பிழை என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். தர்மிளா அனுப்பிய படத்தை எடுத்து, எழுத்தைப் பெரிதாக்கி, போனை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"இந்தாங்கக்கா. பிள்ளை அனுப்பினது."

"குடுங்க பாப்போம்" என்றார்.

ஆனால் போனை எடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். சேலைத் தலைப்பில் சுத்தமான இடம் தேடிப் பிடித்து இரண்டு பக்கமும் துடைத்தார். கண்ணாடியின் இரண்டு காலையும் மடக்கி, பெட்டிக்குள் வைத்து மூடி, பெட்டியை இடுப்புச் சாக்குக்குள் செருகிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் கையை நீட்டி என் போனை வாங்கி, முகத்துக்கு நேரே பிடித்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எல்லாம் கலங்கலாத்தான் இருக்கு தம்பி" என்று போனைத் திருப்பி நீட்டினார். "அப்படியே புள்ளைக்கு ஒரு போன் எடுத்துக் குடுங்க."